சிவப்பு மையில் இரண்டு வரி

அத்தியாயம் 14

மயூரி கிணற்றில் விழுந்து இறந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் சாங்லி ஊர் முழுக்கப் பேச்சு. தோட்டத்துக் கிணறு, படியெல்லாம் பாசி, மழைக்காலம். நம்ப முடியாத விஷயம் ஒன்றும் இல்லை. காவல் நிலையத்திலும் விபத்து என்றே எழுதி வைத்திருந்தார்கள். மயூரியின் அம்மா கௌசல்யா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாஸ்காவிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஷைலஜாவுக்கு உண்மை தெரியும். முழு உண்மை இல்லை, பாதி. அந்தப் பாதி ஒரு நாற்பது பக்க நோட்டாக அவளுடைய பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

ஷைலஜா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் பெண்களுக்குக் கீதை வகுப்பு நடத்தி வந்தாள். ஒன்பது பேர். சுலோகத்தை ஒப்பித்துவிட்டு எழுந்து போகிற வகுப்பு இல்லை அது. படித்ததை அந்த வாரம் வீட்டில் எங்கே கடைப்பிடித்தோம், எங்கே தவறினோம் என்று ஒவ்வொருத்தியும் நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷைலஜா பழைய பழக்கம் விடாமல் சிவப்புப் பேனாவால் பதில் எழுதித் திருப்பிக் கொடுப்பாள். மாமியார் சண்டை, பிள்ளையின் பரீட்சை, மூட்டுவலி, மூத்தாள் பிள்ளைகளின் முகச்சுளிப்பு எல்லாம் அந்த நோட்டுகளில் வரும்.

மயூரி அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. வீட்டு உறவும் கூட. அவள் கணவன் அவதூத், ஷைலஜாவின் தம்பி தாமோதரின் ஒரே மகன். அவர்களுக்கு நாலு வயதில் ஓவி என்று ஒரு பெண்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மயூரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கடமை, பொறுமை என்று இரண்டு மணி நேரம் பேசி அவளைத் திரும்பக் கூட்டி வந்தவள் ஷைலஜாதான். அதற்காகத் தாமோதர் அக்காவுக்கு ஒரு பைட்டணிப் பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தான்.

அந்தப் பன்னிரண்டாம் நாளும் வியாழக்கிழமையாக அமைந்தது.

காலை எட்டரைக்கே தாமோதர் வந்துவிட்டான். பன்னிரண்டு நாள் தாடி. ஷைலஜாவின் மகள் முக்தா வங்கிக்குக் கிளம்புவதற்காக அவல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவன் தொடவில்லை.

"பதினோரு மணிக்கு உன்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே, அக்கா."

ஷைலஜா தலையசைத்தாள். புதிதாக ஒரு பெண் அதிகாரி மாற்றலாகி வந்திருந்தாள். ஷெல்கே என்று பெயர். வழக்கை மூடப்போகிற நேரத்தில் கோப்பைத் திறந்து, மயூரியோடு பழகினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

தாமோதர் வந்த காரியத்தை நிதானமாகச் சொன்னான். மயூரி வகுப்பில் அடிக்கடி அழுவாள், கொஞ்ச நாளாகவே எங்கே நடக்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் இருந்தாள் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் வார்த்தை என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நாளைக்குப் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்தால் குடும்பம் கொஞ்சம் மூச்சு விடும்.

"அவ நினைப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, மாமா" என்றாள் முக்தா அடுப்படியிலிருந்து. "கைதான் வீங்கியிருந்துச்சு."

தாமோதர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"குலம்னு ஒண்ணு இருக்குக்கா. குலம் அழிஞ்சா என்னென்ன ஆகும்னு நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தே?"

சொல்லிக் கொடுத்தவள்தான். முதல் அத்தியாயம். அது அர்ஜுனன் வில்லைக் கீழே போடுவதற்கு முன்னால் சொன்ன சாக்கு, கண்ணன் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. வேறு நாளாக இருந்தால் பேசி முடிப்பதற்குள் திருத்தியிருப்பாள். 

தாமோதர் எழுந்தான். வாசல் வரைக்கும் போனவன் நின்றான்.

"அப்புறம், மயூரியோட நோட்டு ஒண்ணு உங்கிட்ட இருக்காமே. அவதூத் சொன்னான். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். அவ சாமானோட சாமானா ஆத்துல விட்டுடலாம்."

"தேடிப் பாக்கணும்" என்றாள் ஷைலஜா.

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அக்காவின் பொய் அவனுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

முக்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவ என்ன எழுதியிருக்கான்னு அவதூத்துக்கு எதுக்கும்மா அவ்வளவு கவலை?"

ஷைலஜா உள்ளே போனாள். பீரோவைத் திறந்து, பைட்டணியைத் தூக்கி, அடியிலிருந்த நோட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். இத்தனை நாள் அவள் யாருக்கும் காட்டாதது.

முக்தா நின்றபடியே படித்தாள். மயூரியின் கையெழுத்து சின்னதாக, வரி பிசகாமல் இருந்தது.

‘இந்த வாரம் படித்தது: இரண்டாம் அத்தியாயம். கடைப்பிடித்த இடம்: பருப்பில் உப்பு கம்மி என்று தட்டை எறிந்து கையை முறுக்கினார். நான் எதிர்த்துப் பேசவில்லை. தவறிய இடம்: மனசுக்குள் பேசினேன். கேள்வி: எதிரே நிற்பவர்கள் சொந்தக்காரர்கள் என்று அர்ஜுனன் தயங்கியபோது, யாராக இருந்தாலும் எழுந்து நில் என்றுதானே கண்ணன் சொல்கிறான்? அப்படியானால் சொந்தம் என்ற ஒரே காரணத்துக்காக என்னை மட்டும் ஏன் எல்லாரும் பொறுத்துப் போகச் சொல்கிறீர்கள்?’

அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு வரி.

‘சுகமும் துக்கமும் குளிரும் வெயிலும் போல வந்து போகும், பொறுத்துக்கொள் என்பதே கண்ணன் வாக்கு. இது கோபத்தில் பிறந்த கேள்வி. சுலோகத்தை மறுபடி படி.’

அதற்கும் கீழே, மறுபடியும் அந்தச் சின்ன எழுத்தில்: ‘படித்தேன், அத்தை.’

முக்தா பக்கத்தைத் திருப்பினாள். அதுதான் கடைசிப் பதிவு. அதில் சிவப்பு மை இல்லை.

‘செவ்வாய்க்கிழமை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். இங்கே விழுந்தால் சத்தம்கூட வெளியே போகாது, தெரியுமா என்றார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எப்படி நினைப்பது என்று சொல்லுங்கள்.’

வியாழக்கிழமை கொடுத்த நோட்டு அது. சனிக்கிழமை முக்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம், விருந்தாளி என்று வீடு அமளிப்பட்டதில் நோட்டுக் கட்டை ஷைலஜா பிரிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மயூரி செத்துப்போனாள். மூன்றாம் நாள்தான் ஷைலஜா அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

முக்தா நோட்டை மூடினாள். அம்மாவைத் திட்டுவாள் என்றுதான் ஷைலஜா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் லீவு சொல்லிடறேன்" என்றாள் முக்தா. "ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன். வழியில எங்கிட்ட எதுவும் பேசாத."

பேசவில்லை. பின்னால் உட்கார்ந்து நோட்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஷைலஜாவின் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. பொறுத்துக்கொள் என்று வருவது இரண்டாம் அத்தியாயத்தின் பதினான்காவது சுலோகம். ஆகையால் போர் செய் என்று வருவது பதினெட்டாவது. நடுவில் மூன்றே மூன்று சுலோகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வாள். அப்படிப்பட்டவள் அந்தப் பெண்ணைப் பதினாலிலேயே நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்பதும் அவளுக்குத் தெரியும். மேலே போனால் எதிரே நிற்பவன் அவள் தம்பி மகன்.

கௌசல்யா வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் துணிப்பை. அதில் பாக்ரி ரொட்டியும் வெங்காயமும் கட்டிக்கொண்டு வருவாள், மத்தியானம் அங்கேயே சாப்பிடுவாள் என்று ஸ்டேஷன்காரர்கள் சொல்லிக் கேள்வி. ஷைலஜாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இந்த நிலையிலும் டீச்சர் என்ற மரியாதை.

"உக்காருங்க, கௌசல்யா."

அவள் உட்காரவில்லை. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், டீச்சர். நான் அனுப்ப மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க வந்து உக்காந்தீங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க, சாமி புஸ்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்றாங்களேன்னு நானே அவ துணிமணியை மடிச்சுக் குடுத்தேன். அவ அடி வாங்கறது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

முக்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள் ஷைலஜா.

கௌசல்யா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஷைலஜாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பையின் வாரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் கால் மணி நேரம் ஷைலஜா அவள் எதிரிலேயே நின்றாள். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஷெல்கேவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஒன்று விடாமல் படித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு திரும்பி வந்து சிவப்பு மையில் விரலை வைத்தாள்.

"இது யார் எழுத்து?"

"என்னுது."

"இதைப் பத்து நாளைக்கு முன்னாடியே குடுத்திருக்கலாமே. தம்பிக்காகப் பயந்தீங்களா?"

"எனக்காக."

ஷெல்கே எழுத்தரைக் கூப்பிட்டாள். வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார்கள். மயூரி அம்மா வீட்டுக்குப் போனது, ஏன் போனது, கை வீக்கம், கிணற்றடிப் பேச்சு எல்லாம் வரிசையாக வந்தது. தாஸ்காவுக்குப் போய் அவளைக் கூட்டி வந்தது யார் என்ற இடம் வந்ததும் ஷெல்கே, அது வழக்குக்கு அவ்வளவு தேவையில்லை, விட்டுவிடலாம் என்றாள். வயதான டீச்சர் என்று இரக்கப்பட்டுச் சொன்னதுதான்.

"எழுதுங்க" என்றாள் ஷைலஜா. "அடிக்கறான்னு தெரிஞ்சும் திரும்பிப் போகச் சொன்னது நான்னு எழுதுங்க. எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

எழுதினார்கள். நோட்டை ஒரு காகித உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். இதை வைத்துக் கொலை என்று உடனே சொல்ல முடியாது, நுரையீரலில் தண்ணீர் இருந்தது என்றுதான் பிரேதப் பரிசோதனையில் இருக்கிறது, பார்த்த சாட்சி யாரும் இல்லை என்று ஷெல்கே விளக்கினாள். ஆனால் கொடுமைப்படுத்தியதற்கு இது போதும். இன்றைக்கே அவதூத்தை விசாரணைக்கு அழைப்பேன் என்றாள்.

வெளியே வந்தபோது கௌசல்யா பெஞ்சில் இல்லை. பை மட்டும் இருந்தது. பின்பக்கக் குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நெடுநேரமாகக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஷைலஜா சாப்பிடவில்லை. முக்தாவும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். போன வாரம் துக்கம் என்று வகுப்பு நடக்கவில்லை. வழக்கம்போலப் பாய் விரித்து, மயூரிக்காகப் பதினைந்தாம் அத்தியாயம் சொல்லத் தயாராக உட்கார்ந்தார்கள். ஷைலஜா புத்தகத்தைப் பிரிக்கவில்லை. மயூரியின் நோட்டில் என்ன இருந்தது, தான் என்ன பதில் எழுதினாள், காலையில் எங்கே போய் வந்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

 

முதலில் பேசியவள் சுனந்தா. பல வருஷமாக வருகிறவள். "என் நோட்டைக் குடுத்துடுங்க, டீச்சர்" என்றாள். "அதுல எங்க வீட்டு விஷயமெல்லாம் இருக்கு."

ஷைலஜா அலமாரியிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து வைத்தாள். ஒவ்வொருத்தியாகத் தன் பெயர் பார்த்து எடுத்துக்கொண்டாள். இருவர் செருப்பு மாட்டுகிற அவசரத்தில் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முக்தா கதவோரம் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனல் மட்டும் போகவில்லை. நாற்பது வயது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறவள். தன் நோட்டைப் பிரித்து, ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, ஷைலஜாவின் முன்னால் வைத்தாள்.

"இதுல நீங்க போட்ட பதிலை அடிச்சிட்டு வேற பதில் எழுதித் தாங்க."

ஷைலஜா படித்தாள். போன தீபாவளிக்குச் சற்று முன்னால் எழுதியது. மீனலின் மைத்துனனைப் பற்றியது. அதற்கும் கீழே சிவப்பு மையில் பொறுமை என்ற வார்த்தை இருந்தது. பேனாவை எடுத்தாள். அடிக்க முடிந்தது. அதற்குப் பக்கத்தில் எழுத ஒன்றும் வரவில்லை.

"எனக்குத் தெரியலை, மீனல்" என்றாள். "நீ சொல்லு. நான் கேக்கறேன்."

மீனல் பாயில் மறுபடியும் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். ஷைலஜா இடையில் ஒரு சுலோகம்கூடச் சொல்லவில்லை. முக்தா இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு அம்மாவுக்கு அவள் கொடுத்தது அந்த டீ ஒன்றுதான்.

மீனல் போன கொஞ்ச நேரத்தில் தாமோதர் வந்தான். ஆறரை இருக்கும்.

ஷைலஜா எழுந்து நின்றாள். அவன் கத்துவான், தலைமுழுகிவிட்டேன் என்பான், நாளைக்குக் காரியத்துக்கு வராதே என்பான். எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். காலில் செருப்பு இல்லை. தண்ணீர் கேட்டான். முக்தா கொடுத்த சொம்பைப் பாதி மேலே கொட்டிக்கொண்டு குடித்தான்.

"நோட்டைக் குடுத்துட்டே" என்றான்.

"குடுத்துட்டேன்."

"தெரியும். ரெண்டு மணிக்கு அவதூத்துக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. ஒண்ணும் பேசலை. ஓவியை பைக்ல முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டான். ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டுப் போனான். இன்னும் வரலை. போனை அணைச்சு வெச்சிருக்கான்."

எங்காவது சினேகிதன் வீட்டுக்குப் போயிருப்பான், ஸ்டேஷனுக்குப் பயந்து நாலு நாள் தலைமறைவாக இருக்கப் பார்ப்பான் என்றாள் முக்தா. தாமோதர் இல்லை என்று தலையை ஆட்டினான். ஒரு சட்டைகூட எடுத்துப்போகவில்லை, பணப்பை மேஜை மேலேயே கிடக்கிறது என்றான். ஐந்தாறு வீட்டுக்கு அவனே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அவன் ஓடிப்போனா நான் கவலைப்பட மாட்டேன்கா. குழந்தையை எதுக்குக் கூட்டிட்டுப் போனான்?"

அவன் குரலில் இருந்தது கோபம் இல்லை என்பது ஷைலஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"என்னடா? எதை மறைக்கறே?"

தாமோதர் சொம்பைக் கீழே வைத்தான்.

"ஓவி பன்னிரண்டு நாளா ஒரு வார்த்தை பேசலை. அம்மா செத்த அதிர்ச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்." நிறுத்தினான். "அன்னிக்கு அவளும் கிணத்தடியிலதான் இருந்தா. முதல்ல வீட்டுக்கு ஓடி வந்தது அவதான். கவுனெல்லாம் ஈரம். அவதூத் வர்றதுக்குள்ள நான்தான் கவுனை மாத்திவிட்டேன், நான்தான் துவைச்சுப் போட்டேன். போலீஸ் கேட்டப்போ குழந்தை தூங்கிட்டிருந்துச்சுன்னு சொன்னேன்."



"அவ பாத்தாங்கறது அவதூத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஷைலஜா.

"எனக்குத் தெரியலைக்கா. எனக்குத் தெரியலை."

ஷைலஜா உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். காலையில் ஷெல்கே தன் நம்பரைக் கொடுத்திருந்தாள். அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்தது. அதைத் தன் காதில் வைக்காமல் தம்பியிடம் நீட்டினாள்.

"நீ பேசு."

"என் பையன்கா."

"தெரியும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தாமோதர் அதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். முக்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் இரண்டு தடவை அடித்தால் அழைப்பு அறுந்துவிடும் என்று ஷைலஜா நினைத்தாள். ஆனாலும் கையை மடக்கவில்லை, வற்புறுத்தி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

மறுமுனையில் யாரோ எடுத்துப் பேசுகிற குரல் சின்னதாகக் கேட்டது. தாமோதர் கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"மேடம், என் பேரு தாமோதர். அவதூத்தோட அப்பா" என்றான். படியிலிருந்து எழுந்து நின்றான். "என் பையனைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."